ஐரிஸ் குருத்து மஞ்சளாக வருகிறது, நுண்மூலகம் போட்டும் மாறவில்லை

விசுவமடு தோட்டக்காரி:
கிணற்றுக் கட்டோரமாக ஐரிஸ் வைத்திருக்கிறேன், செம்மஞ்சளில் சிவப்புப் புள்ளி போட்ட பூ, காலையில் விரிந்து பொழுதுபடச் சுருண்டுவிடும். புது இலை எல்லாம் வெளிறி வருகிறது, வெயிலுக்கு எதிரே பிடித்தால் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது, அடி இலை நல்ல கரும்பச்சை. கடையில் தந்த நுண்மூலகக் கலவையை (இரும்பு, நாகம் போலச் செடிக்குச் சிறிதளவே தேவைப்படும் சத்துகள்; நாகம் என்றால் துத்தநாகம்) போட்டுப் பார்த்தும் மாற்றமில்லை. இன்னும் கூட்டிப் போடலாமா?

மாங்குளத்தான்:
வேண்டாம் தங்கச்சி. அந்தக் கலவையில் போரனும் இருக்கும், அது கொஞ்சம் கூடினாலே இலை நுனி கருகும். புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புக் குறை. மக்னீசியம் என்றால் பழைய இலையில்தான் முதலில் காட்டும். ஆனால் எங்கள் செம்மண்ணுக்கு நிறமே இரும்பால் வந்தது. இரும்பு இருக்கிறது, மண்ணில் காரம் ஏறினால் வேரால் அதை எடுக்க முடியாது. தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தாலும் சாம்பல் போட்டாலும் காரம் ஏறும். கேத்திலில் வெள்ளை படிகிறதா? அடுப்புச் சாம்பல் போடுகிறீர்களா?

விசுவமடு தோட்டக்காரி:
ஓம் அண்ணை, இரண்டும்தான். பூச்சிக்கு நல்லதென்று அம்மா சாம்பல் போடுவா.

மாங்குளத்தான்:
அப்ப முதலில் சாம்பலை நிறுத்துங்கள். காய்ந்த மண்ணில் வினாகிரி கொஞ்சம் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணில் பெரஸ் சல்பேற்றை, அதாவது இரும்பு உப்பை, கொட்டினால் துருவாகிச் சும்மா கிடக்கும். இலைக்குத் தெளிக்கலாம்: லீற்றருக்கு 5 கிராம், கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு, வெயில் தாழ்ந்த பிறகு. முதலில் ஓரிரு இலையில் தெளித்துக் கருகுகிறதா என்று பாருங்கள். சீமெந்திலும் உடுப்பிலும் பட்டால் கறை போகாது.

வவுனியா நாற்றுமேடை:
கீலேற்று இரும்பு (மண்ணில் துருவாகாமல் வேருக்குக் கிடைக்கும்படி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு) வாங்குவதென்றால் பையைத் திருப்பி வாசியுங்கள். ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை, மண்ணின் அமில-கார அளவான பி.எச். 6.5 தாண்டினால் அவ்வளவாக வேலை செய்யாது, ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை 9 வரையும் தாங்கும், விலைதான் கூட. டி.எஸ்.பி. (TSP) என்ற பொஸ்பரஸ் உரத்தையும் அளவோடு போடுங்கள், பொஸ்பரஸ் கூடினால் இரும்பு, நாகம் இரண்டையும் செடி எடுக்காது. என்னைக் கேட்டால் மருந்தை விட மக்கிய இலைக் கூட்டெருவும் மாரி மழையும்தான் நல்லது.

விசுவமடு தோட்டக்காரி:
வினாகிரி விட்டேன், கட்டோரத்து மண் பொங்கி நுரைத்தது, வேலிப் பக்கத்து மண் அசையவே இல்லை. கட்டுக் கட்டியபோது மிஞ்சிய சாந்தை அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள், கிண்டினால் கட்டி கட்டியாக வருகிறது. வேலிப் பக்கம் மாற்றலாமா?

மாங்குளத்தான்:
தாராளமாக. முதல் மழை விழுந்ததும் கிழங்கைப் பிரித்து வையுங்கள், தண்ணீர் தேங்காத மேடாகப் பார்த்து. அதுவரைக்கும் தெளிப்பு போதும்.