தலவாக்கலை மைனர்: பழைய எஞ்சினா, சன்னி எஞ்சினா?

லிந்துலை தம்பி

அண்ணன்மாருக்கு வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் 1964ஆம் வருட மொரிஸ் மைனர் 1000 ஒன்று நிற்கிறது. நான்கு கதவு, 1098 சிசி எஞ்சின், பதிவுப் புத்தகம் அவர் பெயரிலேயே இருக்கிறது. 2021க்குப் பிறகு ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. பேட்டரி போட்டு சோக்கை இழுத்ததும் நாலாவது தடவையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. 9 லட்சம் கேட்கிறார்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து டாக்டர் ஐயாவிடம் இதே கார்தான். கீழ் டிவிஷன் வளைவில் அவர் கியரை மாற்றும்போதே லயத்தில் இருக்கும் எங்களுக்குச் சத்தம் கேட்டுவிடும். அன்றிலிருந்தே எனக்கு இந்த ஆசை.

காரைப் பார்க்க வந்த கராஜ் பாஸ், "வாங்கு தம்பி, ஆனால் இந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு நிசான் சன்னியின் ஏ12 எஞ்சினும் கியர்பாக்ஸும் போட்டுவிடு" என்கிறார். தினமும் நுவரெலியா போய் வர வேண்டும், மாதம் ஒரு தடவை இறம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதுளை ஏ12

தம்பி, பாஸ் சொன்னது சரி. என் மைனரில் ஏ12 போட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. ஒருநாள்கூட வருத்தப்பட்டதில்லை.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிசு. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அந்த உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். உங்கள் 1098 எஞ்சின் புதிதாக வந்தபோதே 48 குதிரைத்திறன்தான். அறுபது வருடத் தேய்மானத்தையும் உயரத்தையும் கழித்தால் மிச்சம் எவ்வளவு? நாலு பேரை ஏற்றிக்கொண்டு நானுஓயா ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், தெரியும்.

இரண்டாவது, மைனரின் முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போதே கியர்ப் பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பாகம்) கிடையாது. பெரகலை ஏற்றத்தில் பஸ் மெதுவாகி, நீங்களும் மெதுவாகி, இரண்டாம் கியர் இழுக்காமல் திணறும்போது, ஓடிக்கொண்டே முதல் கியருக்கு இறங்கப் பல் கடிக்கும். நின்றுதான் போட வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு அது தெரியுமா?

மூன்றாவது பெட்ரோல். 2002இல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திவிட்டார்கள். பழைய எஞ்சினின் எக்சோஸ்ட் வால்வு உட்காரும் இடம் அந்த ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டது. ஏற்றத்தில் மிதித்து ஓட்ட ஓட்ட அது குழிந்துகொண்டே போகும். ஏ12க்கோ கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இன்றைக்கும் சாமான் தேடி எடுக்கலாம்.

அப்புறம், இது ஏதோ அந்நியமான கூட்டு என்று நினைக்க வேண்டாம். நிசான் கம்பெனியே 1953 முதல் சில வருடம் ஆஸ்டின் கார்களை உரிமம் வாங்கிக் கட்டித்தான் தொழில் கற்றது.

ஹட்டன் மைனர்

பதுளை அண்ணன் சொன்ன எல்லாவற்றையும் மறுக்க மாட்டேன். முதல் கியர் விஷயம் உண்மை. ஆனால் தம்பி, உங்கள் கேள்வியே இடம் மாறி நிற்கிறது. நம் ஊர் ரோட்டில் ஏறுவது ஒரு பிரச்சினையே இல்லை. மெதுவாக ஏறினால் போய்ச் சேரலாம். இறங்குவதைக் கேளுங்கள்.

2011இல் நடந்தது. குடும்பத்தோடு நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். லபுக்கலை தாண்டியதும் மூன்றாம் கியரிலேயே விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். இறம்பொடைக்கு மேலே ஒரு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி ஆனது. அடுத்த மிதியில் பலகை வரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டாம் கியருக்குத் தள்ளி, மலைப் பக்கத்துக் கானில் இடது சக்கரங்களை இறக்கித்தான் நிறுத்தினேன். மனைவி மடியில் எங்கள் மகள். நான்கு டிரம்மிலிருந்தும் கருகல் வாடை.

அன்று நடந்தது இதுதான். மைனரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஒயிலைத் தள்ளும் பம்ப்), ஒரே சுற்று. எங்கே கசிந்தாலும், எங்கே கொதித்தாலும் நான்கும் ஒன்றாகப் போய்விடும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் மூடுபனியில் சொல்லவே வேண்டாம். டாட் 3 தர பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிவிட்டால் 140க்கே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை மிதித்தால் அழுத்தம் எங்கிருந்து வரும்?

நீங்கள் பார்க்கும் கார் 2021 முதல் நிற்கிறது. உள்ளே இருக்கும் ஒயிலும் குறைந்தது அன்றையது. அதற்கு மேல் இன்னும் இருபது குதிரையைச் சேர்த்துவிட்டு அதே டிரம்மோடு இறங்கச் சொல்கிறார் உங்கள் பாஸ். எனக்கு அதில்தான் கோபம்.

பலம் குறைவது பற்றி ஒன்று. குறையில் ஒரு பங்கு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்பரேட்டரில் இருக்கிறது. கொழும்பில் சரிசெய்த எஸ்யூ கார்பரேட்டர் நம் உயரத்தில் பெட்ரோலை அதிகமாக ஊற்றும், பிளக் கறுத்துப்போகும். அடியில், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைத் தாங்கும் ஆறுமுக நட் இருக்கிறது. அதை மேலே ஒரு முகம், தேவையானால் இரண்டு முகம் திருப்புங்கள். செலவில்லாத வேலை. செய்த பிறகு நானுஓயா ஏற்றத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

கண்டி வேகன்

இரண்டு பேருமே தம்பியை வாங்க வைப்பதிலேயே குறியாக இருக்கிறீர்கள். நான் வாங்க வேண்டாம் என்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததெல்லாம் "கிளாசிக்" ஆகி விலை ஏறியது. இந்த 9 லட்சமும் அந்தக் கணக்குத்தான். அதற்கு மேல் டிங்கரிங், பெயின்ட், வயரிங் என்று போய்க்கொண்டே இருக்கும். நான் ஒரு மைனரை முடிக்க முடியாமல் பாதியில் விற்றவன். மேலே பளபளவென்று இருந்தது. சாயத்தைச் சுரண்டினால், துருவை மறைக்கப் பூசிய புட்டி கை மொத்தத்துக்கு.

ஆசைக்குக் கார் வேண்டும், தினமும் ஓடவும் வேண்டும் என்றால் கொரோலா டிஎக்ஸ் வேகன் பாருங்கள். அதுவும் பழைய கார்தான், அதிலும் கையால் வேலை செய்யலாம். முன்னால் டிஸ்க் பிரேக், இரட்டைச் சுற்று. ஹட்டன் அண்ணன் சொன்ன அந்த இறம்பொடை வளைவில் ஒரு சுற்றுப் போனாலும் இன்னொன்று இருந்திருக்கும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகிற காருக்கு இதுதான் முதல் கேள்வி.

பண்டாரவளை அக்கா

அப்பாவின் மைனரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். பிரேக் பற்றிப் பேசுகிறீர்கள், நல்லது. முன் சக்கரத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே?

மைனரின் முன் சக்கரம் திரும்புவது மேலும் கீழும் இருக்கும் மரை இணைப்புகளில். கீழே இருப்பதை ட்ரனியன் என்பார்கள். அந்த மரைதான் காரின் முன்பக்கப் பாரத்தை வாங்குகிறது. கிரீஸ் இல்லாமல் காய்ந்தால் மரை தேய்ந்து, ஒருநாள் அப்படியே கழன்றுவிடும். சக்கரம் காருக்கு அடியில் மடிந்துகொள்ளும். வெலிமடை பஸாரில் எனக்கு அது நடந்தது. ஆள் நடக்கும் வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்ததால் மட்கார்டோடு போனது. ஹப்புத்தளை இறக்கத்தில் என்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அப்பா இருந்தவரை ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் கன்னோடு காருக்கு அடியில் படுத்துவிடுவார். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, பாரம் இல்லாத நிலையில் அடிப்பார். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து, புதியது பிதுங்கும்வரை நிறுத்த மாட்டார். நான் இரண்டு வருடம் அதை மறந்ததன் விலைதான் வெலிமடை.

தம்பி, அந்த ஆசிரியரிடம் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தீர்கள்?

பதுளை ஏ12

அக்கா சொன்னதற்கு மேலே பேச்சில்லை. ஹட்டன் அண்ணனுக்கும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எஞ்சினை மாற்றிய பிறகு இரண்டு வருடம் பழைய டிரம்மிலேயே ஓட்டினேன். அது தப்பு. பிறகு மொரிஸ் மெரினாவின் முன் டிஸ்க் ஒரு ஜோடி தேடிப் பொருத்தினேன். அந்தக் கார் மைனரின் முன்பக்கத்தையே தொடர்ந்ததால் பொருந்துகிறது.

ஆனாலும் எஞ்சின் விஷயத்தில் நான் மாறவில்லை. வால்வு இருக்கை மாற்ற ஹெட்டைக் கழற்றி, கடினமான இருக்கை செருகி, அளவாகக் கடைய வேண்டும். அதைச் சரியாகச் செய்யும் லேத் எங்கள் பக்கம் எத்தனை இருக்கிறது? கண்டிக்குக் கொண்டுபோய், வந்து, மறுபடி போய்... இதை ஆசை மட்டும் தாங்காது.

ஹட்டன் மைனர்

லேத் கஷ்டம் உண்மைதான். நான் கண்டிக்கு மூன்று தடவை போனேன். ஆனால் ஒருமுறைதான் செய்ய வேண்டும். ஏ12 போட, கியர்பாக்ஸை மூடும் தரை மேட்டை (டனல்) வெட்டி, கியர்பாக்ஸ் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் மாற்றுகிறார்கள். வெட்டியதை ஒட்டுவது வேறு, வெட்டாமல் இருப்பது வேறு. புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் நம்பரும் மாறிவிடும். அதை முறைப்படி பதியாமல் ஓட்டி, விற்கும்போது மாட்டிக்கொண்டவர்களைத் தெரியும்.

இன்னொன்று. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இருந்த மைனர் நிலையம் ஒன்றுக்காக நம் நாட்டிலேயே, காலிப் பக்கம், மைனருக்குத் தகடும் உதிரிப்பாகமும் கையால் அடித்து அனுப்பினார்கள். அந்தக் காரைப் பெற்ற ஊருக்கே நம் ஆட்கள் சாமான் செய்து கொடுத்தார்கள். நம்மால் ஒரு தரையைத் தட்டிப் போட முடியாதா?

கண்டி வேகனுக்கு: உங்கள் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இரட்டைச் சுற்றுப் பிரேக் பெரிய விஷயம். அதனால்தான் மகள் பள்ளிக்குப் போவது வேறு காரில்.

தம்பி, விலை பேசுவதற்கு முன் ஒரு டோர்ச், துணியில் சுற்றிய காந்தம், ஒரு ஸ்குரூட்ரைவர் கொண்டுபோங்கள். ஓட்டுநர் பக்கத்துக் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். மாஸ்டர் சிலிண்டர் அதற்கு அடியில், சேசிக்குள். ஒயில் ஊற்றுவதும் அங்கேதான். பின் பிளேட் ஸ்பிரிங் தொங்கும் இடத்தையும் துரு இருக்கிறதா என்று ஸ்குரூட்ரைவரால் குத்திப் பாருங்கள்.

லிந்துலை தம்பி

ஞாயிற்றுக்கிழமை போனேன். எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கதவுகளிலும் மட்கார்டுகளிலும் காந்தம் ஒட்டியது. இடது கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் தகட்டில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவில்லை, அங்கே புட்டிதான். பின் ஸ்பிரிங் இடங்கள் இரண்டும் கெட்டி. ஓட்டுநர் பக்கத் தரையில், அந்த மூடிக்கு ஓரத்திலேயே, ஸ்குரூட்ரைவர் சத்தமில்லாமல் உள்ளே போனது. மூடியைத் திறந்து டோர்ச் அடித்தேன். ஒயில் தேநீர்ச் சாயத்தில் இருந்தது, சிலிண்டரின் அடி ஈரமாகவும் இருந்தது.

அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன். ஐயா எதுவும் பேசாமல் உள்ளே போய் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து வந்தார். 1987 முதல் ஒவ்வொரு கிரீஸும் தேதியோடும் மைலோடும் எழுதியிருக்கிறது. கடைசி வரி 2021 ஏப்ரல். முன் சக்கரங்களைத் தூக்கி ஆட்டிப் பார்த்தோம், ஆட்டமே இல்லை.

கண்டி அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், வாங்கப் போகிறேன். தரையைக் காட்டியதும் ஐயாவே ஏழரைக்கு இறங்கினார். எஞ்சினில் இப்போதைக்குக் கைவைக்கப் போவதில்லை. மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள், ஹோஸ், ஒயில் எல்லாம் புதிது. அதன் பிறகு தரை. அது முடியும்வரை தலவாக்கலை டவுனைத் தாண்டி எடுத்துப்போக மாட்டேன். இறம்பொடைக்குப் பஸ்தான்.

ஹட்டன் அண்ணே, மாஸ்டர் சிலிண்டர் போல்ட்டைக் கழற்ற, முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக முறுகும் அந்த டோர்ஷன் பார் கம்பி குறுக்கே நிற்கிறது. அதை இறக்காமல் வழி இருக்கிறதா?

ஹட்டன் மைனர்

இல்லை தம்பி. பாரை இறக்கித்தான் ஆக வேண்டும். கழற்றுவதற்கு முன் அதன் பின்முனை எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று சாயத்தால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சனிக்கிழமை என்றால் நானே சாவிகளோடு வருகிறேன். அந்தக் கொப்பியை மட்டும் ஐயாவிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.