கரண்ட் இல்லாத ராத்திரில டாடா ஸ்டீல் செஸ் எப்படி பாக்குறீங்க?

தாமுவே_பையன்:
இந்த செஸ் போட்டி நடக்குற நெதர்லாந்துல மதியம் 2 மணிக்கு ஆட்டம் ஆரம்பிச்சா நமக்கு ரங்கூன்ல ராத்திரி ஏழரை, எங்க தெருவுல கரண்ட் போறதும் அப்பதான். 2025ல குகேஷும் பிரக்ஞானந்தாவும் கடைசி ரவுண்டுல ஆளுக்கொரு தோல்வி வாங்கி 8.5 பாயிண்ட்ல சமமா நின்னு, யார் சாம்பியன்னு முடிவு பண்ற டைபிரேக் ஆட்டத்துக்கு போனாங்கல்ல, அப்ப என் போன்ல 4 சதவீதம்தான் சார்ஜ், அம்மா சாமி விளக்கை எடுத்து மேசைல வச்சாங்க, போன் அணைஞ்சுருச்சு. பிரக் ஜெயிச்சது மறுநாள் காலைலதான் தெரிஞ்சுது, இன்னும் மனசு ஆறல. வேற வழி இருக்கா?

பகோ_சிப்பாய்:
வீடியோவை விடுங்க தம்பி. லிச்செஸ்னு ஒரு செஸ் சைட் இருக்கு, அதுல மூவ் மட்டும் வரும், டேட்டா கொஞ்சம்தான். எந்த மூவ் நல்லதுன்னு கணக்கு போட்டு காட்டுற இன்ஜினை ஆஃப் பண்ணிருங்க, பேட்டரியை குடிக்கிறதே அதுதான். நான் மெழுகுவத்தி வெளிச்சத்துல பலகையை விரிச்சு, அடுத்து யானையா குதிரையான்னு நானே யோசிச்சு காயை நகர்த்திட்டுத்தான் போனை பாப்பேன், அப்படி கத்துக்கிட்டதுதான் எனக்கு நின்னுருக்கு.

மோல்மேன்_அக்கா:
அண்ணன் சொல்றது சரி. 14 பேர் ஆடுறாங்க, ஏழு கேமையும் துரத்தாம ஒண்ணை புடிச்சுக்கோ. முதல்ல குடுக்குற டைமுக்குள்ள 40 மூவ் ஆடி முடிக்கணும், அந்த 40ஆவது மூவ் நெருங்குறப்ப டைம் இல்லாமதான் பெரிய தப்பெல்லாம் நடக்கும், நமக்கு அது பதினொன்னு பதினொன்னரை வாக்குல, அதுக்கு சார்ஜை மிச்சம் வை.

தாமுவே_பையன்:
சரிக்கா, அப்பாவோட பழைய பலகையை தேடி எடுத்துட்டேன், ஒரு கருப்பு மந்திரி மட்டும் காணோம், புளியங்கொட்டை வச்சுக்கிறேன்.