கோத்தகிரியில் 3 கிலோவாட் சோலார்: மானியம் எவ்வளவு, வருமான வரியில் கழிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி வாசி

சொந்த வீடு, தகரக் கூரை. கொட்டேஷனில் 540 வாட் பேனல் 5, இன்வெர்ட்டர் 3 கிலோவாட். மலைப்பகுதி என்பதால் மத்திய அரசின் சூர்ய கர் வீட்டு சோலார் திட்டத்தில் 85,800 ரூபாய் மானியம் என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையா? கையிலிருந்து போடும் பணத்துக்கு வருமான வரியில் கழிவு உண்டா? கரண்ட் பில் இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது.

பதில் 1: கேத்தி

85,800 நமக்கு இல்லைங்க. அது உத்தராகண்ட், இமாச்சல், வடகிழக்கு போன்ற சிறப்புப் பிரிவு மாநிலங்களுக்கும் சில யூனியன் பிரதேசங்களுக்கும் உள்ள கணக்கு. நீலகிரி மலையாக இருந்தாலும் தமிழ்நாட்டு விகிதம்தான்: முதல் 2 கிலோவாட்டுக்கு 30,000 வீதம், மூன்றாவதற்கு 18,000, உச்சம் 78,000.

உங்கள் கொட்டேஷனுக்கு அந்த 78,000-மும் வராது. பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். 5 × 540 = 2.7 கிலோவாட். ஆக 60,000 + 12,600 = 72,600. ஆறாவது பேனல் போட்டால் 3.24, அப்போது இன்வெர்ட்டரின் 3 கணக்கில் வந்து முழுத்தொகை கிடைக்கும். கூடுதல் 5,400 ரூபாய்க்காக மட்டுமல்ல, மேகமூட்ட நாட்களுக்கும் சேர்த்தே ஆறு போடுவது நல்லது.

விண்ணப்பிக்கும் முன் பெயர் மாற்றத்தை முடியுங்கள். மின் இணைப்பு, விண்ணப்பம், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீதோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். அனுமதிக்கப்பட்ட மின்சுமை 3 கிலோவாட்டுக்குக் குறைவாக இருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள்.

பேனல் உள்நாட்டு செல்லில் செய்த டிசிஆர் வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மானியமே கிடையாது. நெட் மீட்டர் (லைனுக்குப் போகும், வரும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்தி, இயக்கச் சான்று திட்டத்தின் இணையதளத்தில் ஏறிய பிறகுதான் மானியம் உங்கள் கணக்குக்கு வரும். அதுவரை முழுத்தொகையும் நீங்கள்தான் புரட்ட வேண்டும்.

பதில் 2: கொடைக்கானல் கணக்கு

வீட்டுக்குப் போடும் சோலாருக்கு வருமான வரியில் தனிக் கழிவு எதுவும் இல்லை. பழைய முறை, புதிய முறை இரண்டிலும் இதே நிலைதான்.

வணிக இணைப்பில் காட்டேஜ் நடத்துபவர்கள் கதை வேறு. அவர்களுக்கு மானியம் இல்லை, ஆனால் சோலாருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதி, அதாவது 20 சதவீதம்தான். செப்டம்பருக்குள் ஓடவிடுவது லாபம். உத்தேச வருமான முறையில் (வரவில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் காட்டும் முறை) கணக்குக் காட்டுபவர்கள் இதைத் தனியாகக் கழிக்க முடியாது.

பில்லில் ஜிஎஸ்டியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 70 சதவீதத் தொகைக்கு 5, மீதி 30-க்கு 18, சராசரி 8.9 சதவீதம். பழைய 13.8 போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

பதில் 3: குன்னூர்

தகரக் கூரை என்றதால் சொல்கிறேன். திருகு தகரத்தின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. ரப்பர் வாஷர் கட்டாயம். பள்ளத்தில் அடித்தால் முதல் மழைக்கே ஒழுகும்.

சில்வர் ஓக் நிழலைக் காலை 9, மாலை 3 மணிக்குப் பாருங்கள். வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் இறங்கலாம். கிளையைக் கழித்த பிறகு பேனல் ஏற்றுங்கள். இடி அதிகம், எனவே டிசி, ஏசி, இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி கேளுங்கள்.

இன்னொன்று: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணையும் இந்த வகை சோலார், கரண்ட் போனால் நின்றுவிடும், வெயில் அடித்தாலும். லைனில் வேலை செய்பவர் உயிருக்கான பாதுகாப்பு அது. மரம் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாத இடமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். பேட்டரிக்கு மானியம் இல்லை.