அல்ஜீபா இரட்டை: நிலைக்கோணம் 4 டிகிரி தள்ளுது, ஒளி வித்தியாசமும் குறையுது

அம்பை_இரவு:
8 இஞ்ச் கோட்டோ டாப்சோனியன் (மோட்டார்ல தானா விண்மீனைத் தேடித் தொடர்ற தொலைநோக்கி, குவியத்தூரம் 1200 மி.மீ.), 2 மடங்கு பார்லோ (குவியத்தூரத்தைக் கூட்டுற லென்ஸ்), 2.9 மைக்ரான் பிக்சல் கலர் கேமரா. சிம்ம ராசி இரட்டை விண்மீன் அல்ஜீபா உச்சிக்கு வந்த நேரத்துல எடுத்த வீடியோ. பிரிவு (ரெண்டுக்கும் நடுவுல உள்ள கோண இடைவெளி) 4.7 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்கு), இரட்டை விண்மீன் பட்டியலோட ஒத்துப்போகுது. நிலைக்கோணம் (பெரிய விண்மீன்ல இருந்து சின்னது இருக்க திசை, வடக்குல இருந்து கிழக்கா அளக்குறது) மட்டும் 4 டிகிரி தள்ளி நிக்கி. ஒளி வித்தியாசம் 1.3 மேக்னிட்யூட் (விண்மீன் ஒளி அளவு) வரணும், 0.4தான் வருது. எங்க பார்க்கணும் அண்ணாச்சி?

பொதிகை_வான்:
பிரிவு சரியா இருக்கதால பிக்சல் கணக்குல (ஒரு பிக்சலுக்கு 0.25 ஆர்க்செகண்ட்) குறையில்ல தம்பி. கோளாறு மவுண்ட்ல (குழாயைத் தாங்கித் திருப்புற அடிப்பகுதி). டாப்சோனியன் விண்மீனை விடாம தொடர்ந்தாலும் படம் சுழண்டுக்கிட்டேதான் இருக்கும். நம்ம அட்சரேகை 8.7, அல்ஜீபாவோட நடுவரை விலக்கம் (வான நடுக்கோட்டுல இருந்து உள்ள தூரம்) வடக்கு 19.8. தலைக்கு நேர் மேல இருந்து 11 டிகிரி தூரத்துல கடக்கும். அங்க சுழற்சி நிமிஷத்துக்கு 1.3 டிகிரி. கிழக்கு-மேற்குக் கோட்டை எடுத்துட்டு மூணு நிமிஷம் கழிச்சு ஜோடியை எடுத்தா 4 டிகிரி போயிரும்.

மோட்டாரை நிறுத்திருங்க. கேமராவைக் கிழக்கு-மேற்கா வச்சு, ஜோடியை ஃபிரேமோட கிழக்கு ஓரத்துல விட்டு வீடியோவை ஓட்டுங்க. செகண்டுக்கு 14.15 ஆர்க்செகண்ட் நகரும், 1936 பிக்சலைக் கடக்க 34 செகண்ட். அது போற திசைதான் மேற்கு. அதே வீடியோவுலயே ஜோடியோட கோணத்தையும் அளந்துரலாம், சுழற்சிக்கு இடமே இல்ல. எக்ஸ்போஷர் 10 மில்லிசெகண்டைத் தாண்டினா புள்ளி நீண்டுரும். எட்டு பத்து ஓட்டம் எடுத்து சராசரி போடுங்க. நடுவுல பார்லோ திருகு இளகுனா எல்லாம் வீண்.

தொடர்ந்துதான் எடுக்கணும்னா கிழக்கே 40 டிகிரி உயரத்துல இருக்கும்போது எடுங்க. அங்க மணிக்கே 6 டிகிரிதான் சுழலும்.

கயத்தாறு_காத்து:
1.3 மேக்னிட்யூட்னா 3.3 மடங்கு, 0.4னா ஒன்றரை மடங்குக்கும் கீழ. பெரிய விண்மீனோட ஒளி கேமரா அளவைத் தாண்டி உச்சி வெட்டுப்பட்டிருக்கு. ஹிஸ்டோகிராம் (பிக்சல் ஒளி அளவைக் காட்டுற வரைபடம்) 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒளி அளவை மாத்திக் காட்டுற காமா, ஆட்டோ ஸ்ட்ரெட்ச் அமைப்புகள் ரெண்டும் அணைஞ்சிருக்கணும். 8 பிட் வேண்டாம், 16 பிட் கோப்பா எடுத்து பச்சை பிக்சலை மட்டும் அளங்க. ஒவ்வொரு விண்மீனையும் சுத்தி வட்டம் போட்டு அதுக்குள்ள ஒளியை அளக்காதீங்க. இவ்வளவு நெருக்கத்துல ஒண்ணோட ஒளி இன்னொண்ணோட வட்டத்துக்குள்ள வழியும். ரெண்டு விண்மீனுக்கும் ஒரே வடிவத்தைப் பொருத்துற முறைதான் சரி.

வள்ளியூர்_தொலைநோக்கி:
ஜோடி ஒண்ணையொண்ணு சுத்துற அசைவைப் பார்க்கணும்னா கன்னி ராசி இரட்டை விண்மீன் காமா வர்ஜினிஸை எடுங்க. சுற்று 169 வருஷம், 2005ல ரொம்ப நெருங்கி இப்ப விலகிக்கிட்டிருக்கு. பட்டியல்ல இருக்க பழைய அளவோட ஒப்பிடாம, சுற்றுப்பாதையில இருந்து அன்னைக்குரிய கோணத்தைக் கணக்குப் போட்டு ஒப்பிடணும். ரெண்டும் ஏறத்தாழ ஒரே ஒளி, அதனால எது எதுன்னு மாறிரும். 180 டிகிரி தப்பு வந்தா முதல்ல அதைப் பாருங்க. ஏப்ரலுக்குள்ள முடிச்சிருங்க, அப்புறம் ஆரல்வாய்மொழிக் காத்து குழாயை நிக்க விடாது.