1114 என்று பொறித்த காசு: குமரி மாவட்டத்துக்காரர்கள் பலர் பழைய நாணயம் பார்த்த அனுபவங்கள்

வடசேரியிலிருந்து

பழைய நாணயம் சேர்ப்பவன் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும், வீட்டில் பரணை ஒழிக்கிறவர்கள் எல்லாம் தேடி வந்துவிடுவார்கள். அப்படி வந்தவர்களில் பறக்கைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை மறக்க முடியாது. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காசை எடுத்து மேஜைமேல் வைத்து, "தம்பி, இது சோழர் காலத்துக் காசு. வருஷமே போட்டிருக்கிறது, பாருங்கள்" என்றார். பார்த்தேன். 1114 என்று தெளிவாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் மன்னரின் தலை, மறு பக்கம் சங்கு, சுற்றிலும் ஆங்கில எழுத்து. ஒரு தரகர் அதைப் பார்த்துவிட்டு, பல லட்சம் போகும் என்று சொல்லி அவருடைய தூக்கத்தைக் கெடுத்திருந்தார்.

"பாட்டா, உங்கள் வீட்டு நிலப் பத்திரத்தில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது?" என்று கேட்டேன். சற்று யோசித்தார். "அப்பா பேரில் உள்ளதில் 1109 என்று இருக்கும். அது கொல்லம் ஆண்டு அல்லவா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. மலையாள நாட்டுக் கணக்கான கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 1114 என்றால் 1938-39. திருவிதாங்கூர் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துச் சக்கரம் என்ற காசு அது. 1956 நவம்பர் 1 வரை நம் குமரி மாவட்டம் மலையாளக் கரையோடு இருந்தது என்பதை மறந்துவிட்டு இந்தக் காசுகளைப் படிக்கவே முடியாது.

சோழர் காசு வேறு மாதிரி. இராசராசன் பெயரில் வந்த செப்புக்காசில் ஒரு பக்கம் நின்ற உருவம், மறு பக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் அரசன் பெயர். ஆண்டு என்று எதுவும் இருக்காது. ஆயிரம் வருடம் பழையதுதான். ஆனாலும் தென் தமிழகத்திலும் இலங்கையிலும் அது ஏராளமாகக் கிடைத்திருப்பதால், தேய்ந்துபோன ஒன்றுக்குப் பெரிய விலை கிடையாது. பழமை வேறு, அருமை வேறு. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. பெரியவர் ஏமாற்றத்தோடு போகவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. தன் அப்பா சந்தைக்குக் கொண்டுபோன காசு என்று சொல்லி, பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டார்.

குளச்சலிலிருந்து

எங்கள் ஊரில் வேறு ஒரு கதை ஓடுகிறது. டச்சுக்காரரைத் திருவிதாங்கூர் தோற்கடித்த 1741 போரின் வெற்றித் தூணைப் பார்க்க வருகிறவர்களிடம், "டச்சுக்காரன் தோற்று ஓடும்போது விட்டுப்போனது" என்று சொல்லிச் செப்புக் காசு விற்கிறார்கள். வி, ஓ, சி மூன்று எழுத்தும் பின்னிய டச்சுக் கம்பெனி முத்திரை அதில் இருக்கும். கேரளத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஓர் ஆசிரியை அதை வாங்கப் போனார். "அக்கா, முத்திரைக்குக் கீழே உள்ள எண்ணைப் படியுங்கள்" என்றேன். 1790. போர் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து அடித்த காசு போரில் எப்படி விழுந்திருக்கும்?

சரி, 1790 காசாகவாவது அது உண்மையா என்று பார்க்கத் தட்டு முழுவதையும் கேட்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் 9-க்கு மேலே ஒரே இடத்தில் ஒரே கீறல். அடிபட்டு வருகிற காயம் காசுக்குக் காசு மாறும்; எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால், காயம்பட்ட ஒரே காசை வைத்து அச்செடுத்து வார்த்திருக்கிறார்கள் என்று பொருள். லென்ஸ் வைத்தால் முகப்பில் ஆப்பத்தின் நடுவில் வருவதுபோல் நுண்ணிய துளைகள். விளிம்பைச் சுற்றி, இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் விழுந்த கோட்டினை அரம் போட்டுத் தேய்த்த தடம். இயந்திரத்தில் அடித்த காசுக்கு இவை இரண்டும் வராது. உண்மையான டச்சுக் காசு அரிய பொருளும் அல்ல, லட்சக்கணக்கில் அடித்தவை. நல்லதே நியாயமான விலைக்குக் கிடைக்கும்போது போலிக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

மார்த்தாண்டத்திலிருந்து

இராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்து, 1818 கிழக்கிந்தியக் கம்பெனி என்று எழுதிய காசு பற்றி வாரம் தவறாமல் கேட்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், காந்தத்தை விலக்கும் என்பதெல்லாம் பணம் பறிக்கிற பேச்சு. பூஜை அறையில் வைத்துக்கொள்ள ஆசை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், நாணயமாக நினைத்து வாங்க வேண்டாம்.

காந்தம் பற்றி இன்னொன்று. வெள்ளிக் காசு காந்தத்தில் ஒட்டாது என்பது சரி. ஆனால் புலி போட்ட 1947 ஒரு ரூபாய் ஒட்டும், அது நிக்கல். ஒட்டிவிட்டது, போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தக்கலையிலிருந்து

எங்கள் அத்தையிடம் வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயம் இருந்தது. பத்து லட்சம் தருவதாக வாட்ஸ்அப்பில் செய்தி. முதலில் பதிவுக் கட்டணம், அடுத்து ஜிஎஸ்டி, அதன் பிறகு கொரியர் காப்பீடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ரிசர்வ் வங்கி முத்திரையோடு கடிதமும் அனுப்பினார்கள். அத்தை வளையலை அடகு வைக்கக் கிளம்பியபோதுதான் வீட்டில் தெரியவந்தது. 2012 என்று ஆண்டு பொறித்த அந்த நாணயம் அப்போது கடைகளில் சில்லறையாகப் புழங்கிக்கொண்டிருந்தது!

பழைய நாணயம் வாங்கல் விற்கலில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, கட்டணமும் கமிஷனும் யாரிடமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. உங்கள் பொருளை வாங்குகிறவன் உங்களிடமே பணம் கேட்டால், அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபமும் வருத்தமும்.

பூதப்பாண்டியிலிருந்து

1939 ஒரு ரூபாய் அரியது என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் 1938 ரூபாயில் கடைசி எட்டின் கீழ்வளைவைக் கொஞ்சம் செதுக்கி ஒன்பது ஆக்கிவிடுகிறார்கள். அப்படி ஒன்று ஒரு நகைப்பட்டறைக்கு வந்தது. ஆசாரி எடை போட்டார், 11.6 கிராம், சரியாக நின்றது. உரசிப் பார்த்தார், நல்ல வெள்ளி. காசு உண்மை, ஆண்டு மட்டும் பொய். எனவே தராசும் உரைகல்லும் இங்கே உதவாது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது, அந்த எண்ணைச் சுற்றிய காசின் பரப்பு மட்டும் பளபளப்பாக இருந்தது. மற்ற இடமெல்லாம் எழுபது எண்பது வருட மங்கல். ஆசாரி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கத்தி போன இடம் இது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மறுபடி வடசேரியிலிருந்து

அந்த மங்கலைப் பற்றித்தான் நானும் சொல்ல நினைத்தேன். விற்கப்போகிறோம் என்றவுடன் புளி போட்டுத் தேய்த்து, பல்பொடி போட்டு மினுக்கிக் கொண்டுவருகிறார்கள். குத்துவிளக்குக்குச் சரி, காசுக்குக் கூடாது. செம்பின்மேல் பல பத்தாண்டுகளாகப் படிந்த கறுப்பும் பழுப்பும்தான் அதன் சாட்சி. தேய்த்துவிட்டால் எழுத்தின் கூர்மையும் போய்விடும்; தெரிந்தவர்கள் பாதி விலைக்குக்கூட எடுக்க மாட்டார்கள். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், அது போதும்.

அஸ்திவாரம் தோண்டும்போது காசுக் குடம் அகப்பட்டால், பங்கு போட்டு விற்றுவிடாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரம் சிதறிவிட்டால் திரும்ப வராது. எனக்கு அந்த இழப்புதான் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்று எண்ணிய காலத்தில், வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூட இராது. அதைக் கையால் எண்ணி மாளாது என்பதால் குழி குழியாகத் தோண்டிய மரப்பலகை வைத்திருந்தார்கள். ஒரு பிடி அள்ளிக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். மிச்சத்தைக் கையால் வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. பழைய வீடுகளில் என்னவென்று தெரியாமலே அந்தச் சக்கரப் பலகை கிடக்கலாம். விறகோடு போட்டுவிடாமல், இருக்கிறவர்கள் ஒரு படம் எடுத்து, எத்தனை குழி என்று எண்ணியும் எழுதுங்கள்.