புதுப்பிப்பு: நெடும்பயணப் பாய்மரப் படகு விற்றாகிவிட்டது

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. 12 மீட்டர் படகு, நெடும்பயணச் சாமான் அத்தனையும் இருந்தும் வருகிறவர்கள் விலை பேசாமலே போகிறார்களே, ஏன் என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்த யோசனை இதுதான்: சாமான் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருத்திய ஆண்டு, கடைசி சர்வீஸ், ரசீது உண்டா என்று எழுதுவது. எல்லோரும் முதலில் கேட்டது மாஸ்டைத் (பாய் கட்டும் தூணைத்) தாங்கும் கம்பிகளின் வயதை. 10 ஆண்டைத் தாண்டினால் பல காப்பீட்டாளர்கள் அவற்றை மாற்றவோ பரிசோதிக்கவோ சொல்வார்கள். அந்தச் செலவு நேரே விலையில் கழியும். மாற்றிய ரசீதைக் காட்டியதும் அந்தப் பேச்சே எழவில்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கரை வெள்ளோட்டத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னதும் சரியே. ஆனால் துறைமுகத்துக்குள் ஓட்டாதீர்கள், அங்கே நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் அதன் மெம்பிரேனை (உப்பைப் பிரிக்கும் சவ்வை) கெடுத்துவிடும்.

எதிர்பாராதது இரண்டு. படகின் நிலையைப் பரிசோதிக்கும் சர்வேயர் டெக்கைத் (மேல்தளத்தைத்) தட்டிக்கொண்டே வந்தார். மாஸ்ட் கம்பியைப் படகோடு பிணைக்கும் இடப்பக்கச் செயின்பிளேட் அருகே 'டக் டக்' சத்தம் 'தொப்' என்றானது. நீர் புகாமல் அடைத்திருந்த பழைய சீலன்ட் வழியே நீர் இறங்கி, டெக்கின் உள்ளே இருக்கும் பால்சா மரம் உள்ளங்கை அகலத்துக்கு ஊறியிருந்தது. ஊறியதைச் சுரண்டி, காயவிட்டு, எபாக்ஸி பிசின் நிரப்பி, அதன் நடுவே புதிதாகத் துளையிட்டு நீரைத் தடுக்கும் பியூட்டைல் டேப் வைத்து இறுக்கியதும் தீர்ந்தது. மேலே சிலிக்கோன் பூசுவது கசிவை மறைக்கும், நிறுத்தாது.

அடுத்தது, படகின் கொடி (பதிவான நாடு) மாறினால், ஆபத்தில் சமிக்ஞை அனுப்பும் அவசர பீக்கனின் குறியீட்டையும் மாற்றி எழுதிப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் மீட்புப் படையின் அழைப்பு பழைய உரிமையாளருக்கே போகும்.