வளைவில் டவர் வேகன் காட்டும் ஸ்டாகரும் தூக்குக்குண்டு அளவும் ஒத்துவரவில்லை

கேட்பவர்: புதிய டி.ஆர்.டி. (ரயில்வே இழுவை மின்வழங்கல் பிரிவு) ஊழியர்

வணக்கம். ரயில்பாதையின் 25 கிலோவோல்ட் மேல்நிலை மின்கம்பிப் பராமரிப்பில் அண்மையில் சேர்ந்தவன். எங்கள் பிரிவில் 875 மீட்டர் ஆரமுள்ள அகலப்பாதை வளைவு ஒன்றில், பவர் பிளாக் (மின்சாரத்தை நிறுத்தி வைக்கும் அனுமதி) பெற்று, இருபுறமும் கம்பியைத் தரையுடன் இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பின், டவர் வேகனின் (கம்பிப் பராமரிப்புக்கான மேடை கொண்ட ரயில் வண்டியின்) கூரையில் கம்பியைத் தொடும் பாண்டோகிராஃபை உயர்த்திப் பார்த்தோம். ஒரு மாஸ்டின் (கம்பியைத் தாங்கும் கம்பத்தின்) அருகே தொடுகம்பி பாண்டோவின் நடுவிலிருந்து வளைவின் வெளிப்பக்கமாக 310 மி.மீ. விலகி நின்றது; இந்த விலகல்தான் ஸ்டாகர். அதே இடத்தில் கம்பியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தண்டவாள நடுவிலிருந்து அளந்தால், வெளிப்பக்கம் 50 மி.மீ. மட்டுமே வருகிறது. கம்பியின் உயரம் 5.55 மீட்டர்; பலகையில் உள்ள கேன்ட் (வளைவில் வெளித்தண்டவாளம் உயர்ந்திருக்கும் அளவு) 75 மி.மீ. வளைவில் ஸ்டாகர் 300 மி.மீ.-ஐத் தாண்டக்கூடாது என்பதால் கேண்டிலீவரை (மாஸ்டிலிருந்து கம்பியைத் தாங்கும் கையை) தளர்த்திச் சரிசெய்ய வேண்டுமா, அல்லது வேகனின் பாண்டோவே கோணலாகிவிட்டதா?

மறுமொழி: பிரிவுப் பொறியாளர்

கேண்டிலீவரை இப்போது தொடாதீர்கள். நீங்கள் எடுத்த இரண்டு அளவுகளும் வெவ்வேறு கோடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. தூக்குக்குண்டு புவியின் செங்குத்தைக் காட்டுகிறது. பாண்டோவோ சாய்ந்த தண்டவாளத் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. வெளித்தண்டவாளம் 75 மி.மீ. உயர்ந்திருந்தால், 5.55 மீட்டர் உயரத்தில் பாண்டோவின் நடுக்கோடு வளைவின் உட்பக்கமாகச் சாய்ந்துவிடும். அகலப்பாதையில் தண்டவாளத் தலைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 1,750 மி.மீ. என்பதால், 5,550-ஐ 75-ஆல் பெருக்கி 1,750-ஆல் வகுத்தால் அந்தச் சாய்வு 238 மி.மீ. என வரும். அதனுடன் உங்கள் 50-ஐக் கூட்டினால் 288. ஆகவே விளக்கம் தேவைப்படுவது எஞ்சிய 22 மி.மீ.-க்கு மட்டுமே.

அதற்கு முன் இரண்டு கேள்விகள். கேன்ட் 75 என்பது அந்த மாஸ்டின் அடியில் நீங்களே அளந்ததா, பலகையில் படித்ததா? அளவெடுத்த நேரத்தில் வேகனின் மேடை எந்தப் பக்கம் திருப்பப்பட்டிருந்தது, அதில் ஆட்கள் நின்றார்களா?

மறுமொழி: மற்றோர் ஊழியர்

இரு மாஸ்டுகளுக்கு நடுவிலும் அதே வேகனில் அளந்து பாருங்கள். 54 மீட்டர் இடைவெளியானால், இந்த ஆரத்தில் கம்பி நடுவில் ஏறத்தாழ 416 மி.மீ. உட்பக்கம் வர வேண்டும்; இரு மாஸ்டிலும் வெளிப்பக்கம் 310 என்றால் நடுவில் உட்பக்கம் 106 இருக்கும்.

மறுமொழி: பிரிவுப் பொறியாளர்

கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்பதை அது சொல்லும், ஆனால் இந்தக் கேள்வியைத் தீர்க்காது. வேகனின் சாய்வுதான் காரணம் என்றால், மாஸ்டிலும் நடுவிலும் ஒரே பிழை புகுந்து, வித்தியாசம் மட்டும் சரியாக வரும்.

கேட்பவர்

மேடை வளைவின் உட்பக்கமாகத் திருப்பப்பட்டிருந்தது. அதில் கருவிகளுடன் மூவர் நின்றோம். கேன்ட் பலகையில் படித்ததுதான்.

மறுமொழி: ஓய்வுபெற்ற டி.ஆர்.டி. ஊழியர்

அப்படியென்றால் விடை பெரும்பாலும் கையில் கிடைத்துவிட்டது. வளைவில் நிற்கும் வண்டி உட்பக்கச் சுருள்வில்களின் மீதே அதிகம் அழுந்துகிறது; அதன் மேல் மேடையையும் உட்பக்கம் திருப்பி ஆட்களை ஏற்றினால், உடல் இன்னும் சிறிது சாய்ந்து, கூரையில் உள்ள பாண்டோ உட்பக்கம் போய், கம்பி வெளியே போனதுபோல் காட்டும். கால் பாகைச் சாய்வே 20 மி.மீ.-க்குப் போதும். மேடையை நடுவில் நிறுத்தி, ஆட்களை இறக்கி, மீண்டும் அளவெடுங்கள். இரு தண்டவாளங்களின் மீதும் படிந்து நிற்கும் லேசர் கருவி இருந்தால் இன்னும் நல்லது. அது தளத்துடன் சேர்ந்தே சாய்வதால் கேன்ட் கணக்கே வேண்டியதில்லை. தூக்குக்குண்டுக்குப் பவர் பிளாக் இல்லாமல் வழியே கிடையாது.

இடையே ஒன்று: 1931-இல் மின்மயமான சென்னைக் கடற்கரை – தாம்பரம் தடம் அப்போது மீட்டர்பாதையாக இருந்தது. அங்கே தண்டவாள நடுவிடைவெளி ஏறத்தாழ 1,060 மி.மீ.தான் என்பதால், அதே உயரத்தையும் அதே கேன்ட்டையும் வைத்துக் கணக்கிட்டால் சாய்வு 390 மி.மீ.-ஐத் தாண்டும்.

கேட்பவர்

அடுத்த பிளாக்கில் சரிபார்த்தோம். மாஸ்டின் அடியில் கேன்ட் 78 மி.மீ. இருந்தது, அதன்படி கணக்கு 297. லேசர் கருவி 296 காட்டியது. மேடையை நடுவில் வைத்து, ஆட்களின்றி எடுத்தபோது வேகன் 301 காட்டியது. முன்புபோல் உட்பக்கம் திருப்பி ஏறி நின்றால் மறுபடியும் 310. பதிவேட்டில் எதை எழுதுவது?

மறுமொழி: பிரிவுப் பொறியாளர்

லேசர் அளவை எழுதுங்கள். பக்கத்திலேயே அன்று அளந்த கேன்ட்டையும் தேதியையும் குறியுங்கள். பாதைப் பிரிவினர் டேம்பிங் இயந்திரம் (தண்டவாளத்தின் அடியில் ஜல்லியை இறுக்குவது) ஓட்டிய பின் கேன்ட் 10 மி.மீ. மாறினால், நம் கம்பி அசையாமலேயே ஸ்டாகர் 32 மி.மீ. மாறிவிடும், இதை அவர்கள் நமக்குத் தெரிவிப்பது அரிது. 296 என்பது எல்லைக்குள் இருந்தாலும் அத்தகைய மாற்றத்துக்கு இடம் விடவில்லை. எனவே ஆண்டுப் பராமரிப்பில் அடுத்தடுத்த இரு மாஸ்டுகளிலும் 20 மி.மீ. உட்பக்கம் கொண்டுவரலாம். நடுவிலும் கம்பி அதே 20 மி.மீ. உட்பக்கம் நகரும் என்பதால், அங்குள்ள அளவை முதலில் லேசரில் எடுத்துவிட்டு அதன் பிறகே நட்டைத் தளர்த்துங்கள்.